மணிமேகலை எங்கே போனாள்?
வாசகர் கேள்வி – பதில்

நாவலைப் படித்தவர்கள் அதன் படத்தைப் பார்த்துவிட்டு ஏமாந்து எழுதிய கடிதங்கள் நிறைய வந்திருக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களையும் மூன்று முறை படித்தவள் நான். இரண்டு படங்களையும் தியேட்டரில் பார்த்தேன். மணிமேகலை எங்கே போனாள்? சேந்தன் அமுதனுக்கு ஏன் பட்டம் கட்டவில்லை? கேட்டால் வீட்டில், "படம்னா அப்படித்தான்" என்கிறார்கள்.
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: "படம்னா அப்படித்தான்" என்பது பதிலே இல்லை. எதை எடுத்தார்கள், அதனால் எது குலைந்தது என்று விவரமாகவே பார்த்துவிடலாம்.

முதலில் கணக்கு. 'புது வெள்ளம்' 57 அத்தியாயங்கள், 'சுழற்காற்று' 53, 'கொலை வாள்' 46, 'மணிமகுடம்' 46, 'தியாக சிகரம்' 91. மொத்தம் 293. மணிரத்னத்தின் இரண்டு படங்களும் (2022, 2023) சேர்ந்து ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம், அதாவது 330 நிமிடம். ஓர் அத்தியாயத்துக்கு ஒரு நிமிடமும் ஏழெட்டு நொடிகளும் கிடைக்கின்றன. அதே அத்தியாயத்தை வாய்விட்டுப் படித்தால் கால் மணி நேரமாவது ஆகும். ஆகவே வெட்டாமல் எடுக்க வழியே இல்லை. எந்த இழையை உருவினால் துணி எங்கே சுருங்கும் என்பதுதான் கேள்வி.

கடம்பூர் சம்புவரையர் மகள் மணிமேகலையை எடுத்துக்கொள்வோம். கதை நகர்வை மட்டும் பார்த்தால் அவள் இல்லாமலும் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் கடம்பூருக்கு வருவான், அவன் கொலை நடக்கும், பழி நாயகன் வந்தியத்தேவன் மேல் விழும். திரைக்கதை எழுதுகிறவர் கண்ணுக்கு அவள் 'எடுத்தாலும் விழாத தூண்' போலத் தெரிந்திருப்பாள். ஆனால் வந்தியத்தேவனைக் காப்பாற்ற, கொன்றது நான்தான் என்று பழியைத் தன் மேல் இழுத்துப் போட்டுக்கொள்பவள் அவள். நாவலின் 293ஆம் அத்தியாயத்தின் தலைப்பு 'மலர் உதிர்ந்தது'. அத்தனை போர், சதி, முடிசூட்டு விழா எல்லாம் முடிந்த பிறகு கல்கி நம்மைக் கடைசியாக அழைத்துப் போவது அரண்மனைக்கு அல்ல, சித்தம் கலங்கிய ஒரு பெண்ணின் மரணப் படுக்கைக்கு. குதிரையில் துள்ளிக்கொண்டு வந்த வாலிபன் அங்கேதான் முதிர்ந்த மனிதனாகிறான். மணிமேகலையை எடுத்தபோது படம் இழந்தது ஒரு துணைப் பாத்திரத்தை அல்ல, நாவலின் முடிவை. படத்தின் கடைசிப் பகுதியில் வந்தியத்தேவனுக்குச் செய்ய ஒன்றும் இல்லாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

சேந்தன் அமுதன் விஷயத்தில் இழப்பு இன்னும் பெரிது. நாவலில் செம்பியன் மாதேவியின் சொந்த மகன், பூமாலை தொடுத்துக் கோயிலுக்குக் கொடுக்கும் அந்த ஏழைப் பக்தன். அரண்மனையில் வளர்ந்து அரியணைக்கு ஆசைப்பட்ட மதுராந்தகனோ மந்தாகினியின் மகன். கரிகாலனின் தம்பி அருள்மொழி கிரீடத்தை எடுத்து, அதைக் கனவிலும் கேட்காத ஒருவன் தலையில் வைக்கிறான். அவனை மணந்த ஓடக்காரப் பூங்குழலி அரசியாகிறாள். இந்த ஆள் மாறாட்ட முடிச்சைப் படம் அடியோடு விட்டுவிட்டது. படத்தில் கிரீடம் பெறுவது அதைக் கேட்டுப் படை திரட்டிய அதே மதுராந்தகன். நாவலில் தியாகமாக இருந்தது படத்தில் குடும்ப சமாதானமாகிவிட்டது. பூங்குழலியும் பாதியிலேயே கடலோரத்தில் நின்றுவிட்டாள். முடிச்சை விளக்கப் பத்து நிமிடமாவது வேண்டும், அதுவும் உச்சக்கட்டம் முடிந்த பிறகு வேண்டும் என்பது திரைக்கதை தரப்பின் நியாயம். நியாயம் புரிகிறது. ஆனாலும் எல்லா வெட்டுகளிலும் ஆழமாகப் பட்ட வெட்டு இதுதான்.

மூன்றாவதாக ஒன்று, நீங்கள் கேட்காதது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற கை யாருடையது என்று கல்கி உறுதியாகச் சொல்வதில்லை. வரலாற்றிலும் அந்த இடம் இருட்டு. அந்த இருட்டைக் கல்கி அப்படியே விட்டுவைத்தார். ரவிதாஸனா, நந்தினியா, பெரிய பழுவேட்டரையரா என்று எழுபது ஆண்டுகளாக வாசகர்கள் வாதாடிக்கொண்டிருக்க அதுவே காரணம். படமோ அதை நம் கண் முன்னே நடத்திக் காட்டி முடித்துவைக்கிறது. காட்சியாக அது வலுவானதுதான். ஆனால் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பேச எதுவும் மிச்சமில்லை.

ஒன்றைப் படத்தின் பக்கம் சொல்லியே ஆகவேண்டும். நாவல் ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் ஒற்றைக் குதிரை வீரனோடு நிதானமாகத் தொடங்குகிறது. கரிகாலனைப் பற்றி மற்றவர்கள் பேசிக் கேட்டுக் கேட்டுத்தான் நமக்கு அவனைத் தெரியும். படம் முதலிலேயே போர்க்களத்தில் அவனைக் காட்டிவிடுகிறது. இது சரியான மாற்றம். பேச்சு வழியாகவே ஒருவனை அறிமுகப்படுத்த நாவலுக்கு நூறு பக்கம் கிடைக்கும். திரையில் முகம் பார்க்காதவன் மேல் பார்வையாளருக்கு ஒட்டுதல் வராது.

கேள்வி: அப்படியானால் வெப் சீரிஸாக எடுத்திருந்தால் சரியாக வந்திருக்குமா?
— ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: ஒரு எபிசோடு 45 நிமிடம், அதில் பத்து அத்தியாயங்கள் என்று வைத்தால் 30 எபிசோடுகள் வரும். ஓர் அத்தியாயத்துக்கு நாலரை நிமிடம். மணிமேகலைக்கும் சேந்தன் அமுதனுக்கும் இடம் கிடைத்துவிடும். 'தொடரும்' போடும் வசதியும் திரும்பி வரும். 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்த தொடர்கதை அது, அத்தியாயத்தின் கடைசி வரி அடுத்த வாரத்துக்குப் போட்ட தூண்டில். திரையரங்கப் படத்துக்கு இருப்பதோ ஒரே ஒரு இடைவேளை. சிக்கல் பணத்தில்தான் வரும். 30 எபிசோடுகளுக்குக் கப்பலும் கோட்டையும் யானையும் போட முடியாமல் பாதி எபிசோடுகளை நான்கு சுவருக்குள் பேச்சாக எடுத்துவிட்டால், அது வேறொரு ஏமாற்றம்.

கேள்வி: விஷுவல் கம்யூனிகேஷன் இறுதியாண்டு மாணவன். ஒரு நாவலைத் திரைக்கதையாக்கிப் பழக ஆசை. எங்கே தொடங்குவது? பெரும்பாலும் எங்கே தவறு நடக்கிறது?
— ஒரு வாசகர், சேலம்

பதில்: பெரிய நாவலைத் தொடாதீர்கள். 80 முதல் 120 பக்கத்துக்குள் ஒரு குறுநாவலை எடுங்கள். இரண்டு மணி நேரப் படத்துக்கு 60 முதல் 80 காட்சிகள் போதும். அந்த அளவுக்கான சம்பவங்கள் ஒரு குறுநாவலிலேயே கிடைத்துவிடும்.

முதல் முறை பேனா இல்லாமல் படியுங்கள். முடித்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, மனதில் நின்ற ஏழெட்டு இடங்களை எழுதுங்கள். இந்தத் தாளைத் தொலைத்துவிடாதீர்கள், கடைசியில் வேண்டியிருக்கும். இரண்டாம் முறை படிக்கும்போது ஒரு சம்பவத்துக்கு ஓர் அட்டை. ஒவ்வோர் அட்டையிலும் மூன்று விஷயம்: யார் இருக்கிறார்கள், எங்கே நடக்கிறது, இது முடியும்போது என்ன மாறியிருக்கிறது. மூன்றாவதை எழுத முடியவில்லை என்றால் அது சம்பவம் அல்ல, சூழல் வர்ணனை. தனியே வையுங்கள், தூக்கி எறியாதீர்கள். மூன்றாம் முறை, கண்ணால் பார்க்கவோ காதால் கேட்கவோ முடியாத வாக்கியங்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். 'ஊர் அவனுக்கு அந்நியமாகப் பட்டது' என்பது ஒரு வரி. திரையில் அது என்ன? அவன் வழக்கமாக உட்காரும் திண்ணையில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள், அவன் நின்றுகொண்டே பேசுகிறான். இப்படி ஒவ்வொரு அடிக்கோட்டுக்கும் ஒரு செயலோ ஒரு பொருளோ ஓர் ஒலியோ கண்டுபிடிக்க வேண்டும். உண்மையான வேலை இதுதான். மாதக்கணக்கில் ஆகும்.

பிறகு அட்டைகளைத் தரையில் வரிசையாகப் பரப்பி ஒன்றை எடுத்துப் பாருங்கள். பின்னால் வரும் எந்த அட்டையாவது தடுமாறுகிறதா? தடுமாறவில்லை என்றால் எடுக்கலாம். ஆனால் எடுப்பதற்கு முன் உங்கள் முதல் தாளைப் பாருங்கள். அதிலுள்ள ஏழெட்டு இடங்களில் ஒன்றுக்கு இந்த அட்டை வேர் என்றால் தொடக்கூடாது. மணிமேகலை விஷயத்தில் நடந்தது அதுதான், கதை தடுமாறவில்லை, வேர் போய்விட்டது.

வழக்கமான தவறுகள் நான்கைந்துதான். ஆசிரியரின் விவரணையைத் தூக்கிப் பாத்திரத்தின் வாயில் வசனமாகப் போடுவது முதல் தவறு. எழுத்தில் அழகாக இருந்த வாக்கியம் வாயில் வரும்போது மேடைப் பேச்சாகிவிடும். சிக்கலான இடத்திலெல்லாம் பின்னணிக் குரல் வைப்பது அடுத்தது. இரண்டு துணைப் பாத்திரங்களை ஒன்றாக்கும்போது இருவர் பேச்சையும் சேர்த்துவிட்டு, இருவரின் நோக்கங்களும் ஒன்றோடொன்று மோதுவதைக் கவனிக்காமல் விடுவது இன்னொன்று. "இவன் ஏன் திடீரென்று இப்படிச் செய்கிறான்" என்று தியேட்டரில் முணுமுணுப்பு எழும் இடங்களைத் தோண்டிப் பாருங்கள், அடியில் இப்படிப்பட்ட ஒட்டுவேலை இருக்கும்.

இடைவேளையைக் கடைசியில் யோசிப்பதும் தவறு. நாவலுக்கு இடைவேளை கிடையாது, நம் சினிமாவுக்கு உண்டு. 'விசாரணை' படத்தைப் பாருங்கள். மு. சந்திரகுமாரின் 'லாக்கப்' நூல் சொல்லும் குண்டூர் காவல்நிலையக் கதை முற்பாதியோடு முடிந்துவிடுகிறது. பிற்பாதி வெற்றிமாறன் சேர்த்தது. முற்பாதியில் அடி வாங்கியவர்களைப் பிற்பாதியில் ஊருக்குத் திரும்ப அழைத்துவந்து, அடிக்கிறவர்களின் உள்அறைக்குள்ளேயே கொண்டுவிடுகிறார். நூல் முடிந்த இடமும் படம் திரும்பும் இடமும் ஒன்றாக அமைந்ததால் தையல் தெரியவில்லை.

ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கு, காட்சி விவரமும் வசனமும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதும் முறைக்கு மட்டுமே ஓரளவு பொருந்தும். இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் வசனம் என்று பிரித்து எழுதும் நம் பழைய முறையில் அது பொய்க்கும். கடிகாரத்தை வைத்துக்கொண்டு உரக்கப் படித்து அளப்பதே பத்திரம்.

கேள்வி: 'மோகமுள்' படத்தில் எந்தக் குறையையும் என்னால் விரல்வைத்துச் சொல்ல முடியவில்லை. ஆனாலும் நாவல் தந்தது கிடைக்கவில்லை. ஏன்?
— ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: தி. ஜானகிராமனின் நாவல் அறுநூறு பக்கத்தைத் தாண்டுவது. ஞான ராஜசேகரன் 1995இல் எடுத்த படத்துக்கு முதல் பட இயக்குநருக்கான தேசிய விருது கிடைத்தது. அக்கறையோடு எடுத்த படம் என்பதில் சந்தேகமில்லை. சிக்கல் நாவல் எதனால் ஆனது என்பதில் இருக்கிறது.

முதலாவது காலம். நாயகன் பாபு, தான் நேசிக்கும் யமுனாவுக்காகக் காத்திருக்கும் வருஷங்களை வாசகரும் கூடவே கழிக்கிறார். நீங்கள் அந்தப் புத்தகத்தை ஒரு வாரமோ பத்து நாளோ படித்திருப்பீர்கள். நடுவில் சாப்பிட்டிருப்பீர்கள், தூங்கியிருப்பீர்கள், வேலைக்குப் போயிருப்பீர்கள். அப்போதெல்லாம் பாபு உங்கள் மனதில் ஏங்கிக்கொண்டிருந்தான். கடைசியில் யமுனா கேட்கும் அந்தச் சின்னக் கேள்வி நெஞ்சில் அறைவது அந்தப் பத்து நாளால். இரண்டரை மணி நேரத்தில் அந்தக் காத்திருப்பை உண்டாக்க முடியாது, 'சில ஆண்டுகளுக்குப் பிறகு' என்று எழுத்தில்தான் போட முடியும்.

இரண்டாவது சங்கீதம். பாபுவின் சங்கீத குரு ரங்கண்ணாவின் வீட்டில் வடக்கிலிருந்து வந்த பாடகர்கள் பாட, அந்தக் குரலில் பாபு நிலைகுலைந்துபோகும் இடத்தை நினைத்துப் பாருங்கள். படிக்கும்போது உங்கள் காதில் ஒலித்தது நீங்கள் வாழ்நாளில் கேட்ட மிகச் சிறந்த குரல், அதைவிடவும் ஒரு படி மேல். எந்த ஒலிப்பதிவும் அதோடு போட்டி போட முடியாது. இளையராஜாவின் இசை இருந்தும் அந்த இடைவெளி இருந்தது.

இதைச் சமாளிக்க ஒரு வழி உண்டு. 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் ஏ.பி. நாகராஜன் அதைச் செய்தார். கொத்தமங்கலம் சுப்பு விகடனில் எழுதிய அந்தத் தொடரிலும் நாயகன் உலகமே மயங்கும் நாதஸ்வர வித்வான். திரைக்காக வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்கள். ஆனால் அங்கே வாசிப்பு மட்டும் வரவில்லை, கூடவே போட்டியும் வந்தது. நாதஸ்வரத்துக்கும் சலங்கைக்கும் நடக்கும் சண்டையை நாம் பார்க்கிறோம், யார் ஜெயிப்பார் என்று பதறுகிறோம். இசையின் உச்சத்தை அளக்க அந்தப் பதற்றம் கருவியாகிறது. 'மோகமுள்'ளின் சங்கீதத்தில் போட்டி இல்லை, அது உள்ளே நடக்கும் தவம். கேமராவுக்குப் பிடிகொடுக்காது.

கேள்வி: எழுத்தாளரே திரைக்கதை எழுதினால் ஏமாற்றம் வராதல்லவா?
— ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்: வரலாம். ஆனால் வேறு மாதிரி வரும். 'சில நேரங்களில் சில மனிதர்கள்' படத்துக்கு (1977, இயக்கம் ஏ. பீம்சிங்) ஜெயகாந்தனே திரைக்கதை, வசனம் எழுதினார். நாயகி கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது. சம்பவங்களும் பேச்சும் ஏறக்குறைய நாவலில் இருந்தபடியே வந்தன. ஆனால் நாவலில் கங்கா 'நான்' என்று சொல்கிறாள். பஸ்ஸில் நிற்கும்போது, ஆபீஸில் உட்கார்ந்திருக்கும்போது, வெங்கு மாமா பேசும்போது, மனசுக்குள் அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே போகிறாள். அந்தக் குத்தலான உள்குரல்தான் நாவல். படத்தில் அந்த இடத்தில் லட்சுமியின் முகம் இருக்கிறது. இறுகிய உதடும் ஒரு பக்கமாகத் திரும்பும் பார்வையும் பல இடங்களில் இரண்டு பக்க எழுத்தைச் செய்துவிடுகின்றன. நாவலைப் படித்தவருக்கு அந்த முகம் என்ன நினைக்கிறது என்று தெரியும், படிக்காதவர் ஊகிக்க வேண்டும். இங்கே ஏமாற்றம் இருந்தால் அது படிக்காதவர்களுக்குத்தான்.

கேள்வி: பூமணியின் 'வெக்கை'யைக் கெடுத்துவிட்டார் வெற்றிமாறன் என்கிறான் நண்பன். 'அசுரன்' நல்ல படம் என்கிறேன் நான். யார் சரி?
— ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: இருவர் பேச்சிலும் உண்மை இருக்கிறது, ஏனென்றால் இருவரும் வெவ்வேறு ஆட்களின் கதையைச் சொல்கிறீர்கள்.

1982இல் வந்த 'வெக்கை' பதினைந்து வயதுச் சிறுவனின் நாவல். வடக்கூரானை அந்தச் சிறுவன் சிதம்பரம் வெட்டிவிட்டான் என்பதில் தொடங்குகிறது. அப்பனும் மகனும் காட்டில் பதுங்கித் திரியும் சில நாட்கள்தான் மொத்தக் கதையும். எதைத் தின்பது, எங்கே படுப்பது, எந்தச் சத்தத்துக்கு நிற்பது, எதற்கு ஓடுவது என்ற சிறுசிறு காரியங்களால் நெய்தது. கரிசல் காட்டில் ஒளிந்து வாழ்வது எப்படி என்று அதைப் படித்தே கற்றுக்கொண்டுவிடலாம். அப்படித் திரியும்போதே அப்பனைப் பற்றி மகன் தெரிந்துகொள்கிறான்.

2019இல் வந்த படம் அந்த அப்பனின் கதை. சிவசாமியின் இளமைக்காலம், பஞ்சமி நிலம், செருப்புப் போட்டு நடந்ததற்காக ஒரு பெண்ணுக்கு நேரும் அவமானம், குடிசைகள் எரிவது எல்லாம் படம் சேர்த்தவை. நாவல் சாதியை வெளிப்படையாகப் பேசாமல் விட்ட இடத்தில் படம் உரக்கப் பேசுகிறது. பெரிய நட்சத்திரத்தை நாயகனாக வைக்கும்போது பார்வை சிறுவனிடமிருந்து அவரிடம் நகர்ந்தே தீரும், நகர்ந்தால் அவருக்கு ஒரு கடந்தகாலம் வேண்டும், கடந்தகாலம் வந்தால் காட்டு நாட்கள் சுருங்கும். ஒன்று மாற, மற்றவை தாமாக மாறின.

உங்கள் நண்பருக்குப் போனது அந்தக் காடு. அதற்குத் திரையில் ஈடு இல்லை, அவர் வருத்தம் நியாயம். ஆனால் கெடுத்தது என்று சொல்ல மாட்டோம். ஒரு காரியம் செய்யுங்கள்: படத்தின் கடைசியில் அப்பன் மகனிடம் படிப்பைப் பற்றிச் சொல்லும் இடத்தையும், நாவலில் இருவரும் கோர்ட்டை நோக்கி நடக்கும் இடத்தையும் அடுத்தடுத்து எடுத்துப் பேசுங்கள். சண்டை சுவாரசியமாகிவிடும்.

கேள்வி: சுஜாதாவின் கணேஷ் ஏன் ஒரு படத்திலும் கணேஷாக இல்லை?
— ஒரு வாசகர், ஶ்ரீரங்கம்

பதில்: கணேஷ் மூளையால் ஜெயிக்கிற வக்கீல். 1978இல் வந்த 'பிரியா'வில் ரஜினிகாந்த் கணேஷ். லண்டனில் நடந்த கதை சிங்கப்பூருக்குப் போனது, பாட்டும் சண்டையும் காதலும் சேர்ந்தன. யோசிக்கிற ஆளைவிட அடிக்கிற ஆளைக் காட்டுவது சுலபம். அது ஒருபுறமிருக்க, சுஜாதாவின் சுவாரசியத்தில் பாதி கதையில் இல்லை, வாக்கியத்தில் இருக்கிறது. ஒரு வரியை நடுவில் ஒடித்து அடுத்த வரியில் சிரிக்கவைப்பது காகிதத்தில் நடக்கும் வித்தை. கதையை மட்டும் உருவி எடுத்தால் கையில் வருவது சாதாரண மர்மக் கதை.

கேள்வி: 'பொன்னியின் செல்வன்' படங்களில் நடிகர்கள் எவ்வளவு நன்றாக நடித்தாலும் "இது என் குந்தவை இல்லை" என்று தோன்றுகிறதே?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: உங்கள் குந்தவையை முதலில் வரைந்தவர் ஓவியர் மணியம். கல்கி இதழில் தொடர் வந்தபோதே கொண்டை, நகை, புருவம் வரை அவர் தீர்மானித்துவிட்டார். பின்னால் வந்த பதிப்புகளும் நாடகங்களும் அந்தச் சாயலைத்தான் தொடர்ந்தன. படம் பார்ப்பதற்கு முந்தைய மாதம் நாவலைத் திரும்பப் படிப்பதைத் தவிருங்கள், பழைய முகம் புதுப்பிக்கப்பட்டு எதிரே வந்து நிற்கும். படம் பார்த்துவிட்டு ஆறு மாதம் கழித்துப் படித்தால் மணியம் திரும்பி வந்துவிடுவார்.

கேள்வி: என் நாவலைப் படமாக்கக் கேட்டிருக்கிறார்கள். முன்பணமாக ஒரு தொகையும் சொல்கிறார்கள். பின்னால் வருத்தப்படாமலிருக்க எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?
— ஓர் எழுத்தாளர், விருதுநகர்

பதில்: வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம். காப்புரிமைச் சட்டம் (1957) 19ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருந்து, நீங்கள் கையெழுத்திட்டிருந்தால்தான் செல்லும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எத்தனை ஆண்டு, எந்தெந்த நாடு, எவ்வளவு தொகை என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஆண்டு குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். வாங்கியவர் ஓராண்டுக்குள் உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத பட்சத்தில், அது காலாவதியாகிவிடும். இந்த 'வேறு மாதிரி' தான் ஒப்பந்தத்தின் நடுப்பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒளிந்திருக்கும். 'நிரந்தரமாக', 'உலகம் முழுவதும்', 'இனி வரப்போகும் எல்லா வடிவங்களிலும்' ஆகிய மூன்று சொற்றொடர்களும் ஒன்றாக இருந்தால் நிறுத்திக் கேளுங்கள். தமிழ்த் திரைப்படம் ஒன்றுக்கு என்று கொடுங்கள். மறு ஆக்கம், பிறமொழி, வெப் சீரிஸ், இரண்டாம் பாகம் ஒவ்வொன்றையும் தனியே பேசுங்கள். நூலை அச்சிட்டு விற்கும் உரிமையை எந்தக் காரணத்துக்காகவும் இதில் சேர்க்காதீர்கள்.

பெயர் எப்படி வரும் என்பதை வார்த்தைக்கு வார்த்தை எழுதிவாங்குங்கள். 'இன்ன நாவலைத் தழுவியது' என்பதும் 'கதை' என்பதும் 'நன்றி' என்பதும் ஒன்றல்ல. நன்றிப் பட்டியலில் சாப்பாடு போட்டவரின் பெயருக்குக் கீழே உங்கள் பெயர் வந்தால் அது அங்கீகாரம் ஆகாது.

உரிமையை விற்ற பிறகும் உங்களிடம் ஒன்று மிஞ்சும். 57ஆம் பிரிவின்படி, படைப்பாளி தான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், தன் மதிப்பைக் குலைக்கும்படி படைப்பைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமையும் எழுத்தாளருக்கே உண்டு. இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி தன் 'ஆப் கா பண்ட்டி' நாவலைப் படமாக்கிய நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில் டில்லி உயர் நீதிமன்றம் 1986இல் இதைத் தெளிவுபடுத்தியது. மாற்றம் செய்யலாம், ஆனால் வேறொரு படைப்பாகத் திரிக்கும் அளவுக்குப் போகக் கூடாது என்பது அதன் சாரம். கோர்ட் வரை போவது கடைசி வழி. அதற்கு முன், திரைக்கதை முடிந்ததும் உங்களுக்கு ஒரு பிரதி தர வேண்டும், பிடிக்காவிட்டால் உங்கள் பெயரை விலக்கிக்கொள்ளலாம் என்று இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: 'முள்ளும் மலரும்', 'உதிரிப்பூக்கள்' இரண்டும் மூலக்கதையை அப்படியே எடுக்கவில்லை என்கிறார்கள். ஆனாலும் யாரும் குறை சொல்லவில்லையே?
— ஒரு வாசகர், செங்கோட்டை

பதில்: எம்.ஜி.ஆர். 'பொன்னியின் செல்வன்' எடுக்க நினைத்தபோது திரைக்கதை எழுத அமர்த்தியது, இந்த இரண்டு படங்களையும் பின்னால் இயக்கிய மகேந்திரனைத்தான். அந்தப் படம் நடக்கவில்லை. ஆனால் பெரிய நாவலோடு மல்லுக்கட்டிய அந்த அனுபவம் வீண்போகவில்லை என்றே தோன்றுகிறது. பிறகு அவர் இயக்கிய படங்களில் கதையை முழுதாக எடுக்க முயலவே இல்லை.

உமாசந்திரனின் 'முள்ளும் மலரும்' கல்கி வெள்ளிவிழா நாவல் போட்டியில் பரிசு பெற்றது. மகேந்திரன் அதிலிருந்து எடுத்துக்கொண்டது முரட்டு அண்ணனையும், அவன் உயிராக நினைக்கும் தங்கையையும், அந்த மலைப்பக்கத்து விஞ்ச்சையும் (மலையில் ஏற்றி இறக்கும் இழுவை வண்டி). மற்றதைத் தானே கட்டினார். முடிவில் தங்கை கல்யாணத்துக்கு நடந்துபோகும் வழியில் அண்ணனிடம் ஓடிவருகிறாள். அவன் மனம் இளகுகிறது. அப்போதும் மாப்பிள்ளையைப் பார்த்து, உங்களை எனக்கு இன்னமும் பிடிக்கவில்லை என்றுதான் சொல்கிறான். ஆள் மாறவில்லை, அன்பு மட்டும் வழிவிட்டது. அந்த அண்ணன் காளி யார் என்பதில் அவ்வளவு தெளிவு இருந்ததால் சம்பவங்கள் மாறியது யாரையும் உறுத்தவில்லை.

'உதிரிப்பூக்கள்' இன்னும் துணிச்சல். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை' இளையதாரம் வந்த வீட்டில் தாயில்லாப் பிள்ளைகள் படும் பாடு. படம் அந்தத் தாய் உயிரோடிருந்த நாட்களுக்குப் போய், அவள் ஒவ்வொரு நாளாகத் தேய்வதைக் காட்டுகிறது. அந்தக் கிராமமும் ஆறும் மகேந்திரனுடையவை. ஆனால் பெரியவர்கள் செய்யும் எல்லாவற்றையும் ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த இரண்டு ஜோடிக் கண்கள் புதுமைப்பித்தனுடையவை. கடைசியில் ஊரே சேர்ந்து அப்பனை ஆற்றுக்குள் அனுப்பும்போதும் கரையில் நிற்பவர்கள் அந்தப் பிள்ளைகள்தான்.

'சிற்றன்னை'யை ஒரே மாலையில் படித்துவிடலாம். முதலில் படத்தைப் பாருங்கள், மறுநாள் கதையைப் படியுங்கள். கதையில் வரும் குழந்தை குஞ்சு பேசும் இடங்களில் மட்டும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.